இளவேனில் பனிச்சரிவு: ஆபத்தைக் கணிக்கக் கற்ற வரலாறு

மலைச்சரிவில் தேங்கிய பனி தன் பிடிப்பை இழந்து திரளாகக் கீழே பாய்வது பனிச்சரிவு எனப்படுகிறது. தமிழில் ‘பனி’ என்ற ஒரே சொல் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையும், சாலையை மறைக்கும் மூடுபனியையும், இமயத்தின் வெண்பனியையும் குறிக்கிறது. இக்கட்டுரையில் பனி என்பது வானிலிருந்து படிகங்களாக விழுந்து தரையில் அடுக்கடுக்காகத் தங்கும் வெண்பனியை மட்டுமே குறிக்கும். அந்த அடுக்குகளின் தொகுதியைப் பனிப்படுகை என்போம்.

வட அரைக்கோளத்தின் உயர்மலைகளில் மார்ச் முதல் மே வரை, நம் பங்குனி, சித்திரை மாதங்களை ஒட்டி, இளவேனில் வருகிறது. பகல் நீள்கிறது, குளிர் குறைகிறது. சாலைகளும் விடுதிகளும் இல்லாத உள்மலைப் பகுதிகளுக்கு மலையேறுவோரும் பனிச்சறுக்கு வீரர்களும் செல்ல விரும்பும் காலம் இது. குளிர்காலம் முழுவதும் சேர்ந்த பனி உருகத் தொடங்குவதும் இப்போதுதான். ‘இந்தச் சரிவில், இந்த நேரத்தில் கால்வைக்கலாமா?’ என்ற கேள்விக்கு விடை தேட மனிதர்களுக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. பனி எங்கே சரியும் என்பதை முதலில் கற்றார்கள். ஏன், எப்போது சரிகிறது என்பது வெகு காலம் கழித்தே விளங்கியது. அங்கே செல்லும் மனிதன் எப்படி முடிவெடுக்கிறான் என்ற கேள்வி மிக அண்மையில் எழுந்தது.

ஊர்களின் அறிவு

ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் பனிச்சரிவு ஓர் அயலாரைப் போல அறியப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் பனி இறங்கிய தடங்களுக்கு மக்கள் பெயர் வைத்திருந்தனர். உலர்ந்த பனி புழுதிமேகமாகப் பறந்து வருவதையும், ஈரப்பனி தரையோடு அரைத்துக்கொண்டு மண்ணும் கல்லும் சேர வருவதையும் ஜெர்மன் மொழியில் வெவ்வேறு சொற்களால் குறித்தனர். இரண்டாவது வகையே இளவேனிலுக்கு உரியது. அது ஏறக்குறைய அதே இடத்தில், அதே பருவத்தில் வரும் என்பதால் வீடுகளையும் தொழுவங்களையும் அத்தடத்திலிருந்து விலக்கிக் கட்டினர்.

சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட் ஊரார் 1397-இல் தங்கள் ஊருக்கு மேலே உள்ள காட்டில் மரம் வெட்டுவதைத் தடைசெய்து ஆவணம் எழுதினர். விறகுக்கு ஏங்கும் குளிர்நாட்டில் எடுத்த முடிவு அது. மரங்கள் பனியைப் பிடித்து நிறுத்துகின்றன, காடு போனால் ஊர் போகும் என்பதை யாரும் அளந்து பார்க்காமலேயே அவர்கள் அறிந்திருந்தனர்.

சூரிக் நகரின் அறிஞர் யோசியாஸ் சிம்லர் 1574-இல் ஆல்ப்ஸ் மலைகளைப் பற்றி எழுதிய இலத்தீன் நூலில் பனிச்சரிவின் ஆபத்தையும் பயணிகள் எடுத்துக்கொண்ட முன்னெச்சரிக்கைகளையும் விவரித்தார். ஒலி எழுப்பினால் பனி சரியும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் பரவலாக இருந்தது. இன்றும் திரைப்படங்களில் யாரோ கூவியதும் மலை இடிந்து விழுகிறது. உண்மையில் மனிதக் குரலின் அழுத்தம் பனிப்படுகையை உடைக்கப் போதவே போதாது. ஆனாலும் மலைச்சரிவின் அடியில் ஒருவர் பின் ஒருவராகச் சத்தமின்றி, விரைவாகக் கடப்பது நல்ல பழக்கமே. காரணம் தவறானாலும் பழக்கம் பலரைக் காத்திருக்கும்.

கோவாட்ஸின் பதிவேடு

இந்த ஊரறிவை முதன்முதலாக ஒரு நாட்டளவில் எழுத்தில் கொண்டுவந்தவர் யோஹான் கோவாட்ஸ் (1822–1918). 1850-இல் பிட்ஸ் பெர்னினா சிகரத்தின் உச்சியை முதலில் எட்டிய குழுவில் இருந்தவர். கிராவுபுண்டன் மாநிலத்தின் வன அதிகாரியாக இருந்தபோது, 1868-இல் எங்காடின் பள்ளத்தாக்கின் மார்ட்டினா ஊருக்கு மேலே பனியைத் தடுக்கும் கட்டுமானங்களை எழுப்பினார். 1875 முதல் சுவிஸ் நாட்டின் தலைமை வன அதிகாரியாகப் பல பத்தாண்டுகள் பணிபுரிந்தார். பனிச்சரிவுகளைப் பற்றிய அவருடைய நூல் 1881-இல் வந்தது. வனத்துறை ஊழியர்கள் அனுப்பிய குறிப்புகளைக் கொண்டு ஆயிரக்கணக்கான தடங்களைத் தொகுத்த புள்ளிவிவர நூல் 1910-இல் வெளியானது.

கோவாட்ஸ் ஒரு வன அதிகாரி என்பதை நினைவில் கொள்ளவேண்டும். அவருடைய கவலை ஊர்களும் சாலைகளும் காடுகளும்தான். பனி எங்கே புறப்பட்டு எங்கே நிற்கும் என்பது அவர் பதிவேட்டில் இருக்கிறது. பதிவேட்டில் இல்லாத ஒரு சரிவில், நாளைக் காலையில் என்ன நடக்கும் என்பதை அதைக் கொண்டு சொல்ல முடியாது.

1910 மார்ச்: ஒரே வாரத்தில் இரண்டு பாடங்கள்

கோவாட்ஸின் புள்ளிவிவரம் வெளியான அதே ஆண்டில் வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் இரண்டு பெருவிபத்துகள் நேர்ந்தன. இரண்டுமே குளிர்காலம் முடியும் தறுவாயில், மார்ச் முதல் வாரத்தில் நிகழ்ந்தவை.

வாஷிங்டன் மாநிலத்தின் காஸ்கேடு மலைத்தொடரில் வெலிங்டன் என்ற சிறு ரயில் நிலையம் இருந்தது. 1910 பிப்ரவரி இறுதியில் கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் ஒரு பயணிகள் ரயிலும் ஓர் அஞ்சல் ரயிலும் கடும் பனிப்பொழிவால் அங்கே சிக்கின. நாள்கணக்கில் ரயில்கள் நகரவில்லை. அருகிலேயே சுரங்கப்பாதை இருந்தது. அதற்குள் ரயிலை நிறுத்தலாம் என்ற பேச்சு எழுந்தும், புகைமூட்டமும் குளிரும் கருதி வெளியிலேயே நிறுத்தினர். மேலே இருந்த மலைச்சரிவில் காடு முன்பே தீயில் கருகிப் போயிருந்தது. பின்னர் பனிப்பொழிவு மழையாக மாறியது. மார்ச் 1 அன்று நள்ளிரவுக்குப் பின், இடியும் மின்னலுமாக மழை பெய்துகொண்டிருந்தபோது, சரிவு முழுவதும் பெயர்ந்து இரு ரயில்களையும் ஆற்றுப் பள்ளத்தில் தள்ளியது. 96 பேர் இறந்தனர். அமெரிக்காவில் மிகுதியான உயிர்களைப் பறித்த பனிச்சரிவு இன்றுவரை இதுவே.

மூன்று நாள் கழித்து, மார்ச் 4 இரவில், கனடாவின் ரோஜர்ஸ் கணவாயில் கனடியன் பசிபிக் ரயில்வேயின் தொழிலாளர்கள் ஒரு பனிச்சரிவால் மூடப்பட்ட தண்டவாளத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்தனர். அப்போது பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்து மலையிலிருந்து இன்னொரு பனிச்சரிவு வந்து 58 பேரை மூடியது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஜப்பானியத் தொழிலாளர்கள். அந்நிறுவனம் பின்னர் கணவாயைத் தவிர்த்து, 1916-இல் கன்னாட் சுரங்கப்பாதையைத் திறந்தது.

புதிதாக விழுந்த பெரும்பனியின் மேல் வெப்பக்காற்றும் மழையும் சேர்வது மிக ஆபத்தான வானிலை மாற்றங்களில் ஒன்று. மழைநீர் பனியின் எடையைக் கூட்டுகிறது. அதே நேரத்தில் படிகங்களுக்கு இடையிலான பிணைப்பையும் கரைக்கிறது. ஆண்டர்மாட் ஊரார் காத்த காடு வெலிங்டனில் இல்லை. ரோஜர்ஸ் கணவாயிலோ, ஒரு பக்கம் சரிந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்ற எண்ணம் பொய்த்தது. ஒரே வானிலை பள்ளத்தாக்கின் இரு பக்கங்களிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு முதல் சரிவே சாட்சி. பின்னாளில் எழுதப்பட்ட எல்லாப் பாதுகாப்பு நூல்களும் அண்மையில் நிகழ்ந்த பனிச்சரிவை முதன்மையான எச்சரிக்கை அடையாளமாகக் கொள்கின்றன.

விரும்பிப் போனவர்கள்

இதுவரை சொன்னவர்கள் வேறு வழியின்றி மலையில் இருந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புதிய வகை மனிதர்கள் மலைக்கு வந்தனர். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த பனிச்சறுக்கு மட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு, பனிக்காலத்தில் மலைக்குப் போக யாரும் வற்புறுத்தாமலே போனவர்கள் அவர்கள். ஊர்க்காரர் பெயர் வைக்காத சரிவுகளில் அவர்கள் நடமாடினர். அங்கே கேட்டறிய ஊரறிவே இல்லை.

ஜெர்மானியப் புவியியலாளர் வில்ஹெல்ம் பவுல்கே (1873–1949) அவர்களில் ஒருவர். 1897-இல் நண்பர்களுடன் பெர்ன் மாநிலத்து உயர்மலைகளைச் சறுக்கு மட்டைகளில் கடந்தவர். பாறை அடுக்குகளைப் படித்துப் பழகிய கண் என்பதால் பனியிலும் குழி வெட்டி அடுக்குகளைப் பார்த்தார். பனிப்படுகையின் அடியில், பிணைப்பே இல்லாத, சர்க்கரை போல உதிரும் பெரும்படிகங்களின் அடுக்கு உருவாவதைக் கண்டு, மேலேயுள்ள பனி அதன் மீது மிதப்பதைப் போல இருப்பதால் ‘மிதக்கும் பனி’ என்று பொருள்படும் பெயரிட்டார். முன்குளிர்காலத்தில் மெல்லிய பனி கடுங்குளிரில் கிடக்கும்போது தரையின் வெப்பத்தால் நீராவி மேலேறி இந்தச் சர்க்கரை அடுக்கை உருவாக்குகிறது. பின்னர் எவ்வளவு பனி விழுந்தாலும் அந்த அடுக்கு அடியில் அப்படியே கிடக்கும். நவம்பரில் உருவான பலவீனம் ஏப்ரலில் உயிர் வாங்கலாம் என்பதற்கு ஒரு சான்றைப் பின்னால் பார்ப்போம்.

ஆஸ்திரியாவில் பனிச்சறுக்குக் கலையின் முன்னோடியான மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி, முதல் உலகப்போரில் மலைப்படைக்கு ஆலோசகராக இருந்தார். 1916 பிப்ரவரி 28 அன்று மீட்புப் பணிக்குச் சென்றவர் தாமே பனிச்சரிவில் சிக்கினார். அப்போது அவருக்கு வயது அறுபது. உடலில் ஏறத்தாழ எண்பது எலும்பு முறிவுகளும் மூட்டு விலகல்களும். பிழைத்து, மீண்டும் நடக்கக் கற்று, பனிச்சரிவைப் பற்றித் தொடர்ந்து எழுதினார்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஆர்னால்டு லன் (1888–1974) நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானவர். நடுக்குளிர்காலத்தைவிட இளவேனிலே உயர்மலைச் சறுக்குக்கு ஏற்றது என்று வாதிட்டவர் அவர். 1917 ஜூன் மாதத்தில் சுவிட்சர்லாந்தின் டோம் சிகரத்திலிருந்து சறுக்கி இறங்கினார். இரவில் இறுகி, காலை வெயிலில் மேற்பரப்பு மட்டும் இளகும் பனியை இளவேனில் சறுக்கர்கள் பெரிதும் விரும்பினர். அந்த இளகல் கிழக்குச் சரிவில் தொடங்கித் தெற்கு, மேற்கு என நகர்வதால், திசைக்கும் மணிக்கும் ஏற்ப நாளைத் திட்டமிடும் வழக்கம் உருவாயிற்று. அவர்கள் இன்பத்துக்காகக் கற்ற அதே கணக்குத்தான் ஆபத்தின் கணக்கும்.

மலையுச்சி ஆய்வுக்கூடம்

சுவிஸ் அரசு 1931-இல் பனி, பனிச்சரிவு ஆய்வுக்கென ஒரு குழுவை அமைத்தது. 1936-இல் டாவோஸ் நகருக்கு மேலே, 2,600 மீட்டருக்கும் அதிக உயரத்தில் வைஸ்ஃப்ளூயோக்கில் ஒரு மரக்குடிசையில் ஆய்வுக்கூடம் தொடங்கியது. கனிமவியலாளர் பவுல் நிக்லி, மண்ணியக்கவியல் பொறியாளர் ராபர்ட் ஹேஃபெலி, இளைஞரான ஹென்றி பாடர் முதலியோர் பனியைப் பாறை போலவும் மண் போலவும் ஆராய்ந்தனர். பனிப்படிகங்கள் விழுந்த பின்னும் ஓயாமல் உருமாறுகின்றன என்பதை விளக்கும் அவர்களுடைய கூட்டு நூல் 1939-இல் வந்தது. எடையை விழச்செய்து கம்பியைப் பனிக்குள் இறக்கி அடுக்குகளின் கடினத்தை அளக்கும் ஹேஃபெலியின் கருவி இன்றும் பயன்படுகிறது.

1942-இல் இது நிலையான நடுவண் நிறுவனமானது. இரண்டாம் உலகப்போரின்போது சுவிஸ் படையினர் மலைக்காவலுக்காக நடத்திய பனிச்சரிவு எச்சரிக்கைப் பணி, போர் முடிந்ததும் 1945-இல் இந்நிறுவனத்திடம் வந்து பொதுமக்களுக்கான அறிக்கையாக மாறியது. தொடக்கத்தில் அது அன்றாட அறிக்கை அன்று. இப்போது குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கு வெளியாகி, காலை 8 மணிக்குப் புதுப்பிக்கப்படுகிறது. 1950–51 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் 98 பேரும் ஆஸ்திரியாவில் 135 பேரும் பனிச்சரிவுகளில் இறந்த பிறகு, தடுப்புக் கட்டுமானங்களும் ஆபத்து மண்டல வரைபடங்களும் வேகம் பெற்றன.

அமெரிக்காவில் இதன் கிளை யூட்டா மாநிலத்தின் ஆல்டாவில் வளர்ந்தது. மலைப்படை வீரராக இருந்த மாண்ட்கோமரி அட்வாட்டர் 1945-இல் அங்கே வந்து, பீரங்கியால் சுட்டுப் பனியை முன்கூட்டியே சரியவைக்கும் முறையை வளர்த்தார். டாவோஸில் பயின்ற எட் லாஷபெல் 1952-இல் அவருடன் சேர்ந்தார். 1961-இல் அவர் எழுதிய சிறு கையேடு வட அமெரிக்காவில் ஒரு தலைமுறையின் பாடநூலாக விளங்கியது.

இளவேனிலின் கடிகாரம்

இந்த ஆய்வுகளிலிருந்து இளவேனில் ஆபத்தைப் பற்றி என்ன விளங்கியது? சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது.

நடுக்குளிர்காலத்தில் பனிப்படுகை பூச்சியத்துக்கு வெகு கீழான வெப்பநிலையில் இருக்கும். மார்ச் முதல் அது மெல்ல வெதும்பி, மேலிருந்து தரைவரை முழுவதும் 0 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. இந்த நிலைக்கு வந்தபின் சேரும் ஒவ்வொரு துளி வெப்பமும் வெப்பநிலையை உயர்த்தாது, பனியை உருக்கவே செலவாகும். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க ஏறத்தாழ 334 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். இது பெரிய சேமிப்புக் கிடங்கு. எனவே பனிப்படுகை ஒரே நாளில் மறைந்துவிடுவதில்லை. ஆனால் உருகிய நீர் உள்ளே இறங்கத் தொடங்குகிறது. புதுப்பனி வெயிலில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும். பழைய ஈரப்பனி அதைவிடக் குறைவாகவே திருப்பும். சகாராவின் செம்புழுதி காற்றில் வந்து ஆல்ப்ஸ் பனிமேல் படியும் ஆண்டுகளில் உருகல் இன்னும் விரைகிறது.

நீர் நேராகக் கீழிறங்குவதில்லை. நுண்படிகங்களும் பருத்த படிகங்களும் சந்திக்கும் எல்லையிலோ, இறுகிய மேலோட்டின் மீதோ தேங்கிப் பக்கவாட்டில் பரவுகிறது. அந்த இடத்தில் பிணைப்புகள் கரைகின்றன. இங்கே ஒரு நுட்பம் உண்டு. மிகுந்த ஆபத்து, நீர் ஓர் அடுக்கை முதன்முதலாக எட்டும்போதுதான். பல நாட்கள் உருகியும் உறைந்தும் வந்த பனியில் நீர் வடிய வாய்க்கால்கள் உருவாகிவிடுகின்றன. படிகங்கள் பருத்து ஒன்றோடொன்று இறுகுகின்றன. எனவே குளிர்காலத்துக்குப் பின் வரும் முதல் பெருவெப்பம், நாலாவது வெப்பத்தைவிடக் கொடியது. மேகமற்ற வானும் இனிய வெயிலும் கொண்ட அந்த முதல் வார இறுதியில்தான் நகரத்தார் மலைக்குப் புறப்படுகின்றனர்.

அடுத்தது இரவு. தெளிந்த வானத்தில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை விண்ணுக்கு உமிழ்கிறது. காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் பனியின் மேற்பரப்பு உறைந்துவிடும். மேகமூட்டமான இரவில் இது நிகழாது. அனுபவமுள்ள வழிகாட்டிகள் இரவில் எழுந்து வானத்தில் விண்மீன் தெரிகிறதா என்று பார்ப்பது இதனால்தான். நன்றாக உறைந்த மேலோடு, சரிவு முழுவதையும் ஒரு பலகையைப் போலப் பூட்டிவைக்கிறது. கதிரவன் எழுந்தபின் கிழக்குச் சரிவில் பூட்டு முதலில் திறக்கிறது, பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. விடியலுக்கு முன்பே புறப்பட்டு, வெயில் ஏறுமுன் சரிவை விட்டு வெளியேறும் மலையேற்ற மரபு இந்தக் கடிகாரத்தின்படி அமைந்தது.

கடிகாரம் முந்திக்கொண்டதை மலையே காட்டும். பாறைகளை ஒட்டி, சக்கரம் போல உருளும் பனியுருண்டைகள், மரங்களிலிருந்தும் முகடுகளிலிருந்தும் விழும் கட்டிகள், ஒரு புள்ளியில் தொடங்கி விசிறிபோல் விரியும் சிறு சரிவுகள் ஆகியவை முதல் அடையாளங்கள். மேலோட்டில் நின்ற கால், கணுக்காலுக்கு மேல் புதையத் தொடங்கினால் அந்தச் சரிவின் நேரம் முடிந்துவிட்டது என்றே கொள்ளவேண்டும். ஈரப்பனிச்சரிவு உலர்ந்த பனிச்சரிவைவிட மெதுவானது. ஆனால் அடர்த்தி மிகுந்தது; நின்றதும் சிமெண்ட் போல இறுகிவிடும். சுவிஸ் விபத்துப் பதிவுகளைக் கொண்டு மார்கஸ் ஃபால்க்கும் ஹெர்மன் புருகரும் பிறரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பனியில் முழுவதும் புதைந்தவர்களில் 15 நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைத்தனர்; 35 நிமிடத்தில் அது பத்தில் மூன்றாகச் சரிந்தது. வெளியிலிருந்து மீட்புக்குழு வந்துசேர அதற்கு மேல் ஆகும். எனவே காப்பாற்றக்கூடியவர் கூட வந்தவரே.

தரையோடு முழுப் பனிப்படுகையும் வழுக்கும் சரிவுகள் மட்டும் இந்தக் கடிகாரத்துக்கு அடங்குவதில்லை. புல்வெளி மீதோ வழுவழுப்பான பாறை மீதோ பனி மெல்ல நகர்ந்து, மேலே வாய் பிளந்தாற்போல் விரிசல் காட்டும். அது அடுத்த மணியிலும் விழலாம், அடுத்த மாதத்திலும் விழலாம். அத்தகைய விரிசலின் கீழே நிற்காமல் இருப்பதைத் தவிர வேறு கணிப்பு இல்லை.

எண்களும் மனிதரும்

1980-களுக்குப் பின் நெருடலான ஓர் உண்மை தெளிவாகியது. பனியைப் பற்றிய அறிவு பெருகியும், அறிந்தவர்களே இறந்துகொண்டிருந்தனர். சுவிஸ் மலை வழிகாட்டியான வெர்னர் முண்டர், ஒரு குழி வெட்டிப் பார்த்து முழுச் சரிவையும் தீர்ப்பிடுவது தன்னை ஏமாற்றிக்கொள்வதே என்று வாதிட்டார். பனியின் உறுதி சில மீட்டர்களுக்குள்ளேயே மாறுகிறது. எனவே வானிலையும் பனியும், நிலவமைப்பு, மனிதர் ஆகிய மூன்றையும், வீட்டில் திட்டமிடும்போதும், இடத்துக்கு வந்தபின்னும், குறிப்பிட்ட சரிவின் முன்னாலும் என மூன்று முறை சோதிக்கும் ‘மூன்றுக்கு மூன்று’ முறையை வகுத்தார். ஐரோப்பிய நாடுகள் 1993-இல் ஐந்து நிலைகள் கொண்ட பொதுவான ஆபத்து அளவுகோலை ஏற்றபின், முண்டரின் எளிய விதி பரவியது: இரண்டாம் நிலையில் 40 பாகைக்கும், மூன்றாம் நிலையில் 35 பாகைக்கும், நான்காம் நிலையில் 30 பாகைக்கும் குறைவான சாய்வில் மட்டும் செல்லுதல். பனியைப் பற்றி வாதாடலாம். சாய்வைப் பற்றி வாதாட முடியாது, அதை அளந்துவிடலாம் என்பது இதன் பலம். ஆயினும் இது உலர்ந்த பனிப்பலகைகளை மனத்தில் வைத்து எழுந்த முறை. திசையை வைத்து ஆபத்தைக் குறைத்துக் கணக்கிடும் அதன் பகுதி ஈரப்பனிக்குப் பொருந்தாது. இளவேனிலில் பல நாடுகளின் அறிக்கைகள் காலைக்கு ஒரு நிலை, பிற்பகலுக்கு ஒரு நிலை எனப் பிரித்துத் தருவது அந்தக் குறையை ஓரளவு நிரப்புகிறது.

அமெரிக்காவில் இயன் மெக்கமன் எழுநூற்றுக்கும் மேற்பட்ட விபத்துகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட கட்டுரை, பனியை விட்டுவிட்டு மனத்தை நோக்கியது. பழகிய இடம் என்ற துணிவு, எடுத்த முடிவை மாற்ற விரும்பாமை, குழுவில் யாரோ அறிந்தவர் இருக்கிறார் என்ற நிம்மதி, பிறர் முன்பே சென்ற தடம் ஆகியவை தெளிவான ஆபத்து அடையாளங்களையும் மறைத்துவிடுகின்றன என்று அவர் காட்டினார்.

2013 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் லவ்லண்ட் கணவாய்க்கு அருகே, ஷீப் கிரீக் பகுதியில் நிகழ்ந்தது இதையெல்லாம் சோதித்தது. பனிச்சறுக்கு ஆர்வலர்களின் கூடுகை ஒன்றுக்கு வந்த ஆறு பேர் காலையில் புறப்பட்டனர். அன்றைய ஆபத்து அறிக்கையைப் படித்திருந்தனர். ஆபத்தான சரிவு எது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்தச் சரிவில் ஏறும் எண்ணமும் இல்லை. அதன் அடிவாரத்தைக் கடந்து பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவே முயன்றனர். அவர்களின் எடை கீழேயிருந்தே மேலேயுள்ள பனிப்பலகையைப் பெயர்த்தது. ஆறு பேரும் சிக்கினர். ஐந்து பேர் இறந்தனர். அடியில் இருந்தது பவுல்கே கண்ட அந்தச் சர்க்கரை அடுக்கு. வெயிலில் இளகிய பனி அன்று. குளிர்காலத் தொடக்கத்தின் பலவீனம் ஏப்ரல் வரை காத்திருந்தது. இளவேனில் என்றால் விடியலில் புறப்பட்டால் போதும் என்ற விதி இங்கே உதவியிருக்காது. நாட்காட்டி மாறியதால் பனிப்படுகையும் மாறிவிடுவதில்லை, குறிப்பாக நிழல்படும் வடக்குச் சரிவுகளில்.

இமயத்தில்

இந்தியாவில் பனிச்சரிவு ஆய்வு படையினரின் தேவையிலிருந்து பிறந்தது. 1969-இல் மணாலியில் பாதுகாப்புத் துறையின் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2020-இல் அது இன்னொரு ஆய்வகத்துடன் இணைக்கப்பட்டு, இப்போது பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனமாகச் செயல்படுகிறது. 1979 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் தொடர் பனிச்சரிவுகள் இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. தமிழகத்தின் ஊர்ப்புறங்கள்வரை பனிச்சரிவு என்ற சொல்லைத் துயரச் செய்தியாகக் கொண்டுவந்தது, 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 10 வீரர்களைப் புதைத்த நிகழ்வு. அது நடுக்குளிர்காலத்தில், பனியாற்றின் மேல் நிகழ்ந்தது. இளவேனில் வகையைச் சேர்ந்ததன்று.

இளவேனில் வகைக்கு நெருங்கியது சிக்கிமில் நடந்தது. கேங்டாக்கிலிருந்து நாதுலா கணவாய்க்குச் செல்லும் சாலையில் 2023 ஏப்ரல் 4 அன்று, நண்பகலை ஒட்டி, பனிச்சரிவு இறங்கி 7 சுற்றுலாப் பயணிகள் உயிரிழந்தனர். 13-ஆவது மைல் வரை செல்லவே அனுமதி தரப்பட்டிருந்தது என்றும், விபத்து 15-ஆவது மைல் அருகே நிகழ்ந்தது என்றும் அப்போது அதிகாரிகள் தெரிவித்தனர். அங்கே இருந்தோர் சறுக்கு வீரர்கள் அல்லர். புதைந்தவரைத் தேடும் வானொலிக் கருவியோ கம்பியோ அவர்களிடம் இருக்கக் காரணமில்லை. சாலையில் வண்டியை நிறுத்திப் பனியைத் தொட்டுப் பார்க்க இறங்கிய குடும்பங்கள்.

இப்போது மணாலி மரபில் வந்த அந்நிறுவனம் சிக்கிம், உத்தரகாண்டு, இமாசலப் பிரதேசம், காஷ்மீர் பகுதிகளுக்கு ஐந்து நிலை அளவில் எச்சரிக்கை வெளியிடுகிறது. அது மாவட்ட அளவிலும் உயர அளவிலும் பேசுகிறது. ஏப்ரல் நண்பகலில், குறிப்பிட்ட ஒரு வளைவின் மேலேயுள்ள சரிவில் முதல் பனியுருண்டை உருளத் தொடங்கியதைப் பார்க்கக்கூடியவர் அந்த வளைவில் நிற்பவர் மட்டுமே.